பையிலேயே இருக்கு, மேடம்

டிசம்பர் 4, புதன்

அன்றன்றைக்குச் செய்த தவறுகளை எழுதி வைத்தால் மறுநாள் அதே தவறைச் செய்ய மாட்டீர்கள் என்று கேப்டன் ரிஸ்வானா சொல்லியிருக்கிறார். அதற்காக இந்த நாட்குறிப்பு. தவறு என்று பெரிதாக எதுவும் செய்யாத ஆளாக இருப்பதால் பக்கங்களை எப்படி நிரப்புவது என்றுதான் கவலை.

பிற்காலத்தில் யாராவது படித்தால் குழம்பக் கூடாது. என் பெயர் ஏகாம்பரம். ஆரணிப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தேழு, பார்ப்பவர்கள் நாற்பதைத் தாண்டிச் சொல்ல மாட்டார்கள். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அமைதி எனக்கு ஆகாது. புங்கம்பாடி ஏரிக்கரையில் இருக்கும் பழைய ஓடுதளத்தில் விமானம் ஓட்டச் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மூன்று மாதம் முன்பு போய்ச் சேர்ந்தேன். இரண்டு பேர் உட்காரும் விமானங்கள் இரண்டு உண்டு. ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். எனக்கு வெள்ளைதான் ராசி. தனியாகவே இரண்டு முறை அதில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியிருக்கிறேன். மாட்டுப் பொங்கலுக்குள் செய்யாற்று வளைவு வரை தனியாகப் போய்த் திரும்பிவிட வேண்டும் என்பது என் ஆசை. ஆலையில் எல்லோரிடமும் சொல்லியும் ஆயிற்று.

இன்று பனி. மேலே ஏறியதும் விமானத்தின் முன்கண்ணாடி உள்பக்கம் வியர்த்து ஒன்றும் தெரியாமல் போனது. தோளில் இருந்த துண்டால் துடைத்தேன். பக்கத்தில் இருந்த கேப்டன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். எங்கள் மகளைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர், மேல்விஷாரத்துப் பெண். ஆனால் அந்தக் குரலுக்கு முன்னால் நான் பள்ளிக்கூடப் பிள்ளை.

"துடைக்காதீங்க சார், கோடு கோடாத்தான் ஆகும். காத்துக் குழாயைத் திறங்க, சூட்டை வைங்க. அது தெளியற வரைக்கும் பக்கத்து ஜன்னல்லே வெளியே பாருங்க, உள்ளே கடிகார முள்ளைப் பாருங்க."

ஜன்னல் வழியே பார்த்தேன். இரண்டாயிரம் அடியிலிருந்து ஆரணிச் சாலையில் போகும் பஸ் சேத்துப்பட்டு பஸ்தான் என்று சொன்னேன். கேப்டன் அசந்துபோனார். என் கண் அப்படி.

டிசம்பர் 9, திங்கள்

பத்திரிகைக்காரர்கள் மையை மிச்சம் பிடிக்கிறார்கள். ராசிபலன் பக்கமே சரியாக அச்சாகவில்லை.

டிசம்பர் 11, புதன்

ஆலைக்குப் புது நெல் வந்து இறங்கியது. ஈரம் அதிகம். சீட்டில் எழுதியிருந்த அளவைப் படிக்கக் கணக்கர் ஏன் என் கையிலிருந்து அதை வாங்கினார் என்று தெரியவில்லை. நான் கையை நன்றாக நீட்டிப் பிடித்துப் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூக்குக்கண்ணாடி விஷயத்தை எழுதிவிடுகிறேன். விமானம் ஓட்டுவதற்கு உடல் பரிசோதனை செய்த டாக்டர், "தூரப் பார்வை பிரமாதம். கிட்டத்துலதான் வெள்ளெழுத்து. ஓட்டும்போது கண்ணாடி பக்கத்துல இருக்கணும்" என்றார். டாக்டர்கள் பொதுவாக எல்லோருக்கும் சொல்வது. ஆனால் என் மனைவி கோமளா மறுநாளே கடைக்கு இழுத்துப் போய் ஒரு பழுப்புச் சட்டத்தில் கண்ணாடி போட வைத்துவிட்டாள். அது பெட்டியோடு பீரோவில் இருக்கிறது. அங்கேயே இருக்கும்.

காரணம் கோமளாவின் அண்ணன் சம்பந்தம். மச்சானுக்கு ஒன்பது வருஷம் முன்பு கண்ணாடி வந்தது. அதை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு, மேலே இரண்டு கண்ணும் எட்டிப் பார்க்கிற மாதிரி ஆளைப் பார்ப்பார். அன்றிலிருந்து அவருக்கு நான் வைத்த பெயர் அடகுக்கடை மச்சான். மகள் கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது அவர் சாம்பார் வாளியைக் குனிந்து பார்ப்பதை நான் நடித்துக் காட்ட, மண்டபமே சிரித்தது. இப்போது நான் கண்ணாடியோடு அவர் முன்னால் நின்றால் ஒன்பது வருஷச் சிரிப்பையும் ஒரே மூச்சில் சிரித்துத் தீர்ப்பார். மனுஷன் வாழ வேண்டாமா.

கோமளா இதுவரை ஓடுதளத்துக்கு வந்ததில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. போகும்போது டிபன் பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஒரு ரகசிய வித்தை. விமானத்தில் எனக்கு எதிரே ஆறு கடிகாரங்கள் இருக்கின்றன. வேகம், உயரம், திசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அவற்றில் எண்களை எறும்பு சைஸில் போட்டிருக்கிறார்கள். நான் எண்ணையே பார்ப்பதில்லை. வேக முள் மூன்று மணிப் பக்கம் நின்றால் சரி, ஐந்து மணிக்குப் போனால் அதிகம். எல்லாவற்றையும் இப்படி மனப்பாடம் செய்துவிட்டேன். மற்றபடி வெளியே பார்த்து ஓட்டுகிறேன். அடிவானம் இருக்கிறது, ஏரி இருக்கிறது, நம் ஆலைப் புகைபோக்கியே இருக்கிறது.

டவருடன் வானொலியில் பேசுவதற்கும் பயிற்சி வேண்டும். தினமும் குளிக்கும்போது சொம்பை வாயருகே பிடித்துக்கொண்டு சத்தமாகப் பேசிப் பார்க்கிறேன். குளியலறையில் குரல் நன்றாக எடுபடுகிறது. நான் இறங்க அனுமதி கேட்டால் எதிர்வீட்டுக்காரர் கொடுத்துவிடுகிறார் என்று கோமளா சொல்கிறாள்.

இந்த டைரியில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் போதவில்லை. என் எழுத்து தாராளமான எழுத்து.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. டிபன் பையில் தயிர்சாதத்துக்கு அடியில் கண்ணாடிப் பெட்டி. எடுத்து பீரோவில் வைத்தேன். அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்று தலையில் ஒரு மூடியை மாட்டினார்கள். வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டுவது மாதிரி. அதைப் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, எதிரே உள்ள கடிகாரங்கள் மட்டும்தான் தெரியும். திடீரென்று மேகமோ பனியோ புகையோ சூழ்ந்துகொண்டால் என்ன செய்வது என்பதற்கான பயிற்சி.

"கேட்டுக்குங்க சார். வெளியே தெரியலைன்னா முதல்ல தரையைத் தேடாதீங்க. றெக்கையை நேரா வைங்க. முள்ளைப் பாருங்க. நிதானமா திரும்பி, எந்த வழியா வந்தீங்களோ அந்த வழியாவே வெளியே போயிடுங்க. எங்ககிட்ட சொல்லுங்க. அப்போ உங்க உடம்பு நேரா இருக்கோம்னு சொல்லும். நம்பாதீங்க. உடம்பு பொய் சொல்லும், முள்ளு சொல்லாது."

இன்னொன்றும் சொன்னார். புகைக்கு மேலிருந்து நேர்கீழே பார்த்தால் ஓடுதளம் தெரியுமாம். தெரிகிறதே என்று சாய்வாக இறங்கினால் அதே புகை சுவராக எதிரே நிற்குமாம். ஆளை ஏமாற்றுவதே அதுதானாம்.

"இப்போ உயரம் எவ்வளவு?"

"ஆயிரத்து ஐந்நூறு" என்றேன் கம்பீரமாக.

"நல்லாப் பாருங்க."

"ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்."

"ரெண்டாயிரத்து நூறு, சார்."

மூடி இறுக்கமாக இருந்தது என்று சொன்னேன். பிளாஸ்டிக் வாடை வேறு. கேப்டன் இறங்கும் வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

டிசம்பர் 24, செவ்வாய்

பெட்டி என் வலது ஷூவுக்குள் இருந்தது. எடுத்து பீரோவில் வைத்தேன், இந்த முறை பட்டுப் புடவைகளுக்கு அடியில்.

டிசம்பர் 28, சனி

வெள்ளை விமானம் பழுது. மஞ்சளில் போனோம். இதில் வேகத்தை மைல் கணக்கில் போட்டிருக்கிறார்கள், கடிகாரங்களின் இடமும் மாறிக் கிடக்கிறது. இதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

மூன்று மணிக்கு முள்ளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். விமானம் தொளதொளவென்று ஆடத் தொடங்கியது. கேப்டன் கட்டுப்பாட்டை வாங்கி மூக்கை இறக்கினார். இதில் முள் அங்கே நின்றால் வேகம் போதாதாம், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் விழுந்திருப்போமாம்.

கீழே இறங்கி இஞ்சின் நின்ற பிறகு அவர் இறங்கவில்லை.

"சார், உங்களுக்கு இந்த நம்பர் எதுவுமே தெரியலை, இல்ல?"

"தெரியுது மேடம். கொஞ்சம் வெளிச்சம்…"

"கண்ணாடி வாங்கிட்டீங்கதானே?"

"வாங்கியாச்சு."

"பக்கத்துல இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அடுத்த தடவை அது இல்லாம வந்தீங்கன்னா வண்டியில ஏத்த மாட்டேன். உங்களைத் தனியா மேலே அனுப்பிட்டு நான் கீழே நிக்கணும். எனக்குத் தூக்கம் வர வேணாமா?"

வீட்டுக்கு வந்து கோமளாவிடம் இதைச் சொல்லவில்லை. தலை வலிக்கிறது என்றேன். "கண்ணை இப்படியே கஷ்டப்படுத்துனீங்கன்னா ஒரு நாளைக்கு மொத்தமா மங்கிடும்" என்றாள். எப்படித்தான் சரியாக அங்கேயே வந்து நிற்கிறாளோ.

ஜனவரி 5, ஞாயிறு

சம்பந்தம் மச்சான் வந்திருந்தார். வணிகர் சங்கத்துக்கு இந்த வருஷம் அவர்தான் தலைவர். புகையில்லாத போகி என்று ஒரு திட்டம். போகிக் காலையில் வீட்டுக்கு வீடு பழைய பாயையும் டயரையும் கொளுத்தி ஊரையே இருட்டடிக்கிறார்கள் அல்லவா, அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் சங்கமே வண்டி வைத்து வாங்கி ஓர் இடத்தில் சேர்த்து, பொங்கல் முடிந்ததும் அப்புறப்படுத்திவிடுமாம்.

"எங்கே மச்சான் சேர்க்கப் போறீங்க?"

"உங்க ஏரோப்ளேன் ஓடற இடத்துக்குப் பக்கத்துல மந்தைவெளி காலியாத்தானே கிடக்குது மாப்ளே. அங்கே ஏரோப்ளேன்காரங்களைக் கேட்டேன். போன போகிக்கு மத்தியானம் வரைக்கும் அவங்களால வண்டியையே எடுக்க முடியலையாம். புகையில்லாத போகின்னதும் சந்தோஷமா சரின்னுட்டாங்க."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். வழக்கம்போல் நானும் மூக்கை இறக்கி அவரைப் பார்த்தேன். கோமளா காபி டம்ளரை ஓசையோடு வைத்தாள்.

ஆலையில் மக்கிப்போன சாக்குகள், அறுந்த ரப்பர் பெல்ட்டுகள், பழைய டயர்கள் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி அனுப்பினேன். ஊரிலேயே நான் கொடுத்ததுதான் பெரிய குவியலாம். மச்சான் போன் செய்து பாராட்டினார்.

ஜனவரி 8, புதன்

பனி. விமானம் கிடையாது. பெட்டி என் தலையணை உறைக்குள் இருந்தது. மறுபடியும் பட்டுப் புடவைகளுக்கு அடியிலேயே வைத்தேன்.

ஜனவரி 11, சனி

கேப்டன் கூப்பிட்டார். திங்கட்கிழமை, பனி விலகியதும், செய்யாற்று வளைவு வரை நான் தனியாகப் போகலாம். மஞ்சள் விமானம். "போகி ஆச்சே மேடம்" என்றேன். "அதான் புகையில்லாத போகியாச்சே சார், உங்க மச்சான்தானே செய்யறாரு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கண்ணாடி" என்றார்.

"கண்டிப்பா" என்றேன்.

ஜனவரி 12, ஞாயிறு

கண்ணாடியை எடுத்துப் போகலாம். போகலாம்தான். ஆனால் நாளை மந்தைவெளியில் மச்சான் விழா வைத்திருக்கிறார். ஓடுதளத்துக்கும் மந்தைவெளிக்கும் நடுவில் ஒரு வேலிதான். பையைத் திறந்து காட்டுங்கள் என்று கேப்டன் கேட்டு, நான் எடுத்து மாட்டி, மச்சான் வேலியோரம் நின்று பார்த்தால் தீர்ந்தது. பெட்டி இல்லவே இல்லை என்றால் மாட்டவும் முடியாது. வாய் வார்த்தை போதும். என் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் நம்பத் தோன்றும்.

குளிக்கும்போது சொம்பை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். "பையிலேயே இருக்கு, மேடம்." முதல் தடவை குற்றவாளி மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை அளவுக்கு மீறிய பணிவு. மூன்றாவது, லேசாக அலுத்துக்கொள்கிற தோரணை. அதுதான் சரி. நான்காவது தடவையும் அதே மாதிரி சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டேன்.

"யாரோட பேசறீங்க?" என்றாள் கோமளா வெளியிலிருந்து.

"டவரோட."

ஜனவரி 13, திங்கள். போகி

இன்றைக்கு ஒரு பக்கம் போதாது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஊரில் ஒரு பொட்டுப் புகை இல்லை. மச்சானை மனதாரப் பாராட்டினேன். பனி விலகியதும் கேப்டன் விமானத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என் அருகில் வந்தார்.

"கண்ணாடி?"

பையைத் தட்டினேன். "பையிலேயே இருக்கு, மேடம்." மூன்றாவது தோரணை. அற்புதமாக வந்தது.

"மேலே போனதும் போட்டுக்குங்க."

போகும் வழி முழுக்கச் சுகம். செய்யாறு வெயிலில் மின்னியது. வளைவைச் சுற்றித் திரும்பும்போது வாய்விட்டுப் பாடினேன், யாரும் இல்லாத தைரியத்தில். ஓடுதளம் தூரத்தில் தெரிந்தபோது அதன் மேல் மெல்லிய சாம்பல் நிறம் ஒன்று படர்ந்திருந்தது. மேலே வந்து நேர்கீழே பார்த்தேன். ஓடுதளம் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. தெரிகிறதே என்று ஒரு சுற்று வந்து இறங்கத் தொடங்கினேன். கேப்டன் சொன்னது நினைவுக்கு வரவில்லை. எழுதி வைத்தால் நினைவிருக்கும் என்பதெல்லாம் சும்மா.

ஓடுதளத்துக்கு நேராகத் திரும்பியதும் எல்லாம் போய்விட்டது. அடிவானம், ஏரி, ஆலைப் புகைபோக்கி, ஒன்றும் இல்லை. எல்லாப் பக்கமும் பழுப்பு.

நான் நினைத்தது புகை என்று அல்ல. கண் போய்விட்டது என்று நினைத்தேன். கோமளா சொன்னது இன்றைக்கென்று பார்த்து நடந்துவிட்டது. கண்ணைக் கசக்கினேன். இன்னும் எரிந்து தண்ணீர் கொட்டியது. அப்புறம்தான் மூக்குக்கு எட்டியது. மக்கின சாக்கும் ரப்பர் பெல்ட்டும் எரிகிற வாடை. அது என் ஆலை வாடை.

வானொலியில் கேப்டன். "சார், புகை மேலே ஏறுது, இறங்காதீங்க. எங்கே இருக்கீங்க?"

"உள்ளேதான் இருக்கேன் மேடம்."

பிறகு அந்தக் குரல் முன்னைவிட மெதுவாக வந்தது. "சரி. பயப்படாதீங்க. றெக்கையை நேரா வைங்க. முள்ளைப் பாருங்க. உயரம் எவ்வளவுன்னு சொல்லுங்க."

ஆயிரம் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. நான்கு மாதமாகப் பழகிய வாய். எதிரே ஆறு கடிகாரங்களும் கலங்கிய தண்ணீருக்குள் கிடந்தன. மஞ்சள் விமானத்தில் என் மூன்று மணி, ஐந்து மணி எதுவும் செல்லாது. அப்போது எனக்குச் சாவு பயம் வந்தது. அதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

"தெரியலை, மேடம்."

"கண்ணாடி பையிலே இருக்குன்னீங்களே. எடுத்துப் போடுங்க."

பையில் அது இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையாவது எடுப்போம் என்று ஒரு கையால் பையைத் துழாவினேன். டிபன் டப்பா. தண்ணீர் பாட்டில். அதற்கு அடியில் கெட்டியாக, வழவழப்பாக ஒரு பெட்டி.

மாட்டினேன். கடிகாரங்கள் ஆறும் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து எதிரே நின்றன. விமானம் நேராகப் போகிறது என்று கோமளா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். கடிகாரத்தில் இருந்த குட்டி விமானம் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. உயரம் அறுநூறு, அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும் பனைமரங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

"அறுநூறு மேடம். இடது பக்கம் சாஞ்சிருக்கேன்."

"நல்லது. முதல்ல நேராக்குங்க. மெதுவா. அப்புறம் ஏறுங்க."

நேராக்கினேன். உடம்பு முழுக்க வலது பக்கம் கவிழ்கிறோம் என்று கத்தியது. என் உடம்பு, நாற்பத்தேழு வருஷம் சோறு போட்டு வளர்த்த உடம்பு, என்னிடமே பொய் சொன்னது. நம்பவில்லை. முள்ளை நம்பினேன். எழுநூறு, எண்ணூறு என்று சத்தமாகப் படித்துக்கொண்டே ஏறினேன். வந்த திசைக்கு நிதானமாகத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்லிக்கொண்டே திரும்பினேன். பழுப்பு வெளிறி, மஞ்சளாகி, திடீரென்று வெயில். ஏரி இருந்த இடத்திலேயே இருந்தது. நான் அழுதேன். புகை கண்ணில் பட்டதால் என்று எழுத நினைத்தேன். அதனால் அல்ல.

பெட்ரோல் தாராளமாக இருந்தது. புகை அடங்கும் வரை ஏரிக்கு மேலே சுற்றச் சொன்னார்கள். சுற்றினேன். ஒரு சங்கடம் என்னவென்றால் அந்தக் கண்ணாடி வழியாகக் கடிகாரம் பளிச்சென்று தெரிகிறது, தூரம் மங்குகிறது. கடைசியில் அதை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, கீழே கடிகாரத்துக்கு அதன் வழியாகவும், வெளியே பூமிக்கு அதற்கு மேலாகவும் பார்த்தேன். இரண்டும் தெரிந்தன. மச்சான் ஒன்பது வருஷமாக அப்படி ஏன் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது.

அப்படி மேலாகப் பார்த்தபோதுதான் மந்தைவெளி தெரிந்தது. ஊரின் பழசெல்லாம் ஒரே இடத்தில் எரிந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி தண்ணீர் பீய்ச்சியது. ஆட்கள் தலைதெறிக்க ஓடினார்கள். வேலியோரம் பச்சைப் புடவையில் ஒரே ஓர் ஆள் மட்டும் ஓடாமல், நெற்றியில் கையை வைத்து மேலே பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டாயிரம் அடியிலிருந்தும் எனக்கு அது யாரென்று தெரிந்தது. என் கண் அப்படி.

காற்று திரும்பி ஓடுதளம் வெளுத்த பிறகு இறங்கினேன். மூக்கு நுனிக் கண்ணாடியோடு, அடகுக்கடை தோரணையில். நான் இறங்கியதிலேயே நல்ல இறக்கம் இதுதான்.

கேப்டன் ஓடி வந்து கதவைத் திறந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "உயரம் கேட்டப்போ தெரியலைன்னு சொன்னீங்க பாருங்க சார். இந்த நாலு மாசத்துல நீங்க சொன்ன முதல் சரியான ரீடிங் அதுதான்" என்றார். அப்புறம் திட்டினார். தெரிகிற ஓடுதளத்தை நம்பி ஏன் இறங்கினேன் என்பதற்குத் தனியாக, மேலே போனதும் கண்ணாடியை ஏன் போடவில்லை என்பதற்குத் தனியாக.

வேலியைத் தாண்டி மச்சான் வந்தார். பட்டு வேட்டியில் ஓட்டை. முகம் முழுக்கக் கரி, கண்ணாடி முழுக்கக் கரி. அதைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என் மூக்கைப் பார்த்தார். நான் என் கண்ணாடிக்கு மேலாக அவர் கையைப் பார்த்தேன். அதில் ஒரு சூட டப்பா.

"கொளுத்தலை மாப்ளே. போகியும் அதுவுமா ஒண்ணுமே ஏத்தாம இருக்கக் கூடாதேன்னு, சாஸ்திரத்துக்கு ஒரு துண்டு சூடம். கும்பிட்டு அணைச்சிடலாம்னு பார்த்தேன். உங்க சாக்கு ஓரத்துல பட்டுடுச்சு."

டப்பாவை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"கண்ணாடி நல்லாருக்கு மாப்ளே" என்றார்.

"சூடமும் நல்லா எரிஞ்சுது மச்சான்" என்றேன்.

அதோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

கோமளா கிட்டே வரவில்லை. நான் நடந்து வேலியருகே போனதும் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். "சாப்பிட்டீங்களா?" என்றாள். டப்பா திறக்கப்படவே இல்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, கரி வாடையோடு தயிர்சாதம் சாப்பிட்டேன். இவ்வளவு ருசியாக அவள் இதற்கு முன் செய்ததில்லை. அவள் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பால் பொங்கியது. மச்சான் கரும்போடு வந்தார். ஒப்பந்தம் காலை பத்து மணி வரை தாங்கியது. பிறகு நான் கற்பூரத் தட்டை அவரிடம் கொடுத்து, "நீங்களே ஏத்துங்க, உங்க கை ராசி" என்றேன். அவர் பஞ்சாங்கத்தை என்னிடம் நீட்டி நல்ல நேரம் படிக்கச் சொன்னார். நான் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிப் படித்தேன். சிரித்தார். ஒன்பது வருஷச் சிரிப்பையும் சிரித்தார். கோமளாவும் சிரித்தாள். எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அடுப்படிக்குப் போனேன். பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெட்டியை நான் புடவைக்கு அடியில வெச்சிருந்தேனே. எப்போ எடுத்துப் பையில வெச்சே?"

"ஞாயித்துக்கெழமை. நீங்க குளிச்சிட்டு வந்ததும்."

"அது இல்லாமதான் போகப் போறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கரண்டியை எடுத்தாள். நான் சொம்பைப் பிடிக்கிற மாதிரி வாயருகே பிடித்தாள். லேசாக அலுத்துக்கொள்கிற, அதே மூன்றாவது தோரணையில் சொன்னாள்.

"பையிலேயே இருக்கு, மேடம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நாலு தடவை சொன்னீங்க. இல்லாததை இருக்குன்னு சொல்லப்போற ஆளுதானே இத்தனை தடவை சொல்லிப் பார்ப்பான்" என்றாள். மறுபடி பானையைக் கிளறத் தொடங்கினாள். "உங்களைத் திருத்த என்னால ஆவாது. அதான் நீங்க சொல்ற பொய்யை நெசமாக்கி வெச்சேன்."

ஜனவரி 19, ஞாயிறு

கேப்டனோடு ஒரு மணி நேரம் பறந்தேன். தலையில் மூடி. எல்லா எண்களும் சரி. தவறு எதுவும் இல்லை.

பேனாவை மாற்றினேன். அதனால்தான் எழுத்து இவ்வளவு சின்னதாக விழுகிறது.